குழந்தையின் கட்டைவிரல்: என்னிடம் அடிக்கடி கேட்கிற கேள்விகள்

நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் பிசியோதெரபிஸ்ட். கைக்கான பயிற்சியும், விரலை நேராகப் பிடித்து நிறுத்துகிற ஸ்ப்ளின்ட் செய்து கொடுப்பதும்தான் அதிகம் பார்க்கிற வேலை. டாக்டர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாட்ஸ்அப்பில் அவ்வப்போது ஒரு கட்டைவிரல் வந்து நிற்கும், பெரும்பாலும் குழந்தை தூங்கும்போது எடுத்த மங்கலான படம், கூடவே "இது என்னது, பயப்படணுமா?" என்று ஒரு வரி. தனித்தனியாக எழுதி எழுதிக் கை வலித்துவிட்டது, அதனால் எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் போடுகிறேன்.

பிறந்து பத்து நாள்தான் ஆகிறது. கட்டைவிரலை உள்ளே வைத்துப் பொத்தியே கிடக்கிறான். குறையா?

பத்து நாள் பிள்ளை அப்படித்தான் வைத்திருக்கும். வயிற்றுக்குள் மடங்கிக் கிடந்த பழக்கம் விட நாளாகும். முதல் இரண்டு மூன்று மாதம் கட்டைவிரல் உள்ளங்கைக்குள் இருப்பது சாதாரணம், ஆனால் இடையிடையே வெளியே வர வேண்டும். குளிப்பாட்டும்போது, கொட்டாவி விட்டு உடம்பை முறுக்கும்போது, கதவு படாரென்று அடித்துத் திடுக்கிடும்போது கை விரியும் இல்லையா, அப்போது கட்டைவிரலும் கூட வருகிறதா என்று பாருங்கள். வந்தால் கவலையை விடுங்கள்.

மூன்று மாதம் தாண்டியும் ஒருதடவைகூட வெளியே வரவில்லை, நீங்கள் மெதுவாக எடுத்துவிட்டாலும் திரும்ப உள்ளே போய்விடுகிறது என்றால் காட்டத்தான் வேண்டும். கட்டைவிரலை வெளியே இழுத்து நிமிர்த்துகிற தசைநார் பலமில்லாமல் இருக்கலாம், சிலருக்கு அது உருவாகாமலேயே போயிருக்கலாம். இதைக் கிளாஸ்ப்டு தம்ப் என்பார்கள். இரண்டு கட்டைவிரலும் உள்ளேயே இருந்து, கூடவே கை கால் விறைப்பு, பால் குடிக்கத் திணறல், கழுத்து நிற்கத் தாமதம் என்று ஏதாவது சேர்ந்தால் அது விரலோடு நிற்கிற சமாச்சாரம் இல்லை, குழந்தை டாக்டரோ நரம்பு டாக்டரோ மூளை வளர்ச்சியைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். மற்ற மூட்டுகளும் பிறக்கும்போதே மடங்கி இறுகியிருந்தாலும் அப்படியே.

கிளாஸ்ப்டு தம்புக்கு ஸ்ப்ளின்ட் போட்டால் போதுமா?

கையால் நிமிர்த்தினால் முழுசாக நிமிர்கிற விரல் என்றால் பெரும்பாலும் போதும், சீக்கிரம் ஆரம்பித்தால். நான் செய்கிற முறை இது. ஸ்ப்ளின்டுக்கென்றே ஒரு பிளாஸ்டிக் தகடு வருகிறது, வெந்நீரில் போட்டால் வாட்டிய வாழையிலை மாதிரித் துவண்டுவிடும். எடுத்துத் துடைத்து, சூடு போய்விட்டதா என்று என் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளையின் கையில் வைப்பேன். அது இறுகுவதற்குள் கிடைப்பது ஒரு நிமிடம்கூட இல்லை. அதற்குள் கட்டைவிரலை வெளியே விரித்துப் பிடித்து அளவை எடுத்துவிட வேண்டும். மூன்று மாதப் பிள்ளையின் கட்டைவிரல் என் சுண்டுவிரல் நுனி அளவுதான், அதுவும் அந்த நேரம் பார்த்துத்தான் கையை உதறும். அதனால் அம்மா பால் கொடுத்துக்கொண்டே இருக்க நான் கையைப் பிடிப்பேன், இதைவிட நல்ல வழி இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை.

பிறகு வீட்டில் நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றுதான். ஸ்ப்ளின்டைக் கழற்றியதும் தோலில் சிவப்புத் தடம் இருந்தால் இருபது நிமிடத்தில் மறைய வேண்டும். மறையவில்லையா, அந்த இடத்தில் அழுத்துகிறது, திரும்பக் கொண்டு வாருங்கள், வெட்டிச் சரி செய்யலாம். "பிள்ளை அழுதது, அதனால் போடவில்லை" என்று மூன்று வாரம் கழித்து வருகிறவர்களிடம் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். அழுத அன்றைக்கே வந்திருக்கலாமே. சில மாதம் விடாமல் போட வேண்டியிருக்கும். விரல் தசையும் தோலும் சுருங்கி, நிமிர்த்தினாலும் நிமிராது என்கிற நிலை இருந்தால் ஸ்ப்ளின்டால் மட்டும் ஆகாது, ஆபரேஷன் பக்கம் போக வேண்டும்.

விரல் சூப்பிச் சூப்பித்தான் வளைந்துவிட்டது என்கிறார்களே?

இல்லை. சூப்புவதால் தோல் ஊறும், நகம் தேயும், நாள்பட்டால் பல் வரிசை மாறும். பிறவிக் குறை வராது.

கட்டைவிரல் இரண்டாக இருக்கிறது. சின்னதை நூல் கட்டி விழவைக்கலாம் என்று மாமி சொல்கிறார்.

தயவுசெய்து வேண்டாம். மருவுக்குக் குதிரைமுடி கட்டுகிற வழக்கம் நம் ஊரில் உண்டு, அந்த நினைப்பில்தான் சொல்கிறார்கள். மரு என்பது தோல். இரண்டாவது கட்டைவிரல் அப்படி இல்லை, அதற்குள் பெரும்பாலும் எலும்பு இருக்கும், நரம்பும் ரத்தக்குழாயும் ஓடும், பக்கத்து விரலோடு ஒரே மூட்டைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கும். நூலைக் கட்டினால் அது அழுகும், சீழ் வைக்கும். விழுந்தாலும் அடியில் ஒரு முண்டு நின்றுவிடும், வெட்டுப்பட்ட நரம்பு நுனி அங்கே உருண்டு வளர்ந்து தொட்டாலே சுரீர் என்கிற வலி வரலாம். சுண்டுவிரல் பக்கத்தில் சிலருக்கு வெறும் தோலாகத் தொங்கும் ஆறாவது விரல் இருக்கும். அதையும் வீட்டில் கட்டக்கூடாது, ஆனால் அது வேறு கதை. கட்டைவிரல் பக்கம் விளையாடவே கூடாது.

காரணத்தையும் சொல்கிறேன். பார்க்கிறவர்கள் இதை "ஒரு நல்ல விரல், ஒரு உபரி விரல்" என்று நினைக்கிறார்கள். உண்மையில் ஒரு கட்டைவிரலுக்கான பொருள் இரண்டாகப் பிரிந்துபோயிருக்கிறது. இரண்டுமே அடுத்த கையின் கட்டைவிரலைவிடக் கொஞ்சம் ஒல்லியாகத்தான் இருக்கும். கட்டைவிரலை உள்ளங்கையிலிருந்து தூக்குகிற தசை பல பிள்ளைகளுக்கு வெளிப்பக்கத்து விரலில்தான், அதாவது நாம் "உபரி" என்று தூக்கி எறிய நினைக்கிற விரலில்தான், போய் ஒட்டியிருக்கும். சர்ஜன் அதை எடுக்கும்போது அந்தத் தசையையும் மூட்டைப் பிடித்து நிறுத்தும் பக்கவாட்டுத் தசைநாரையும் காப்பாற்றி, இருக்கப்போகும் விரலில் வைத்துத் தைக்கிறார். எலும்பு நுனி அகலமாக இருந்தால் செதுக்குகிறார், கோணலாக இருந்தால் வெட்டி நேராக்குகிறார். நூலுக்கு இதெல்லாம் தெரியாது.

எந்த இடத்திலிருந்து பிரிகிறது என்பதை வைத்து இதை 7 வகையாகப் பிரிப்பார்கள், வாசல் என்ற மருத்துவர் 1969இல் போட்ட கணக்கு அது. நுனி எலும்பு மட்டும் பிளந்து, நகம் அகலமாகவோ இரண்டாகவோ தெரிவது முதல் வகை. அடி எலும்பு ஒன்று, அதன் மேல் இரண்டு முழு விரல் என்று நிற்கும் நாலாவது வகைதான் அதிகம் பார்ப்பது. உங்கள் சீட்டில் "வாசல் 4" என்று எழுதியிருந்தால் பதற வேண்டாம், அது நோயின் தீவிரத்தைச் சொல்லும் எண் இல்லை.

எப்போது ஆபரேஷன்? பிறந்ததும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லவில்லையே?

பிறந்த குழந்தையின் கையில் பல எலும்பு இன்னும் குருத்தெலும்பாகத்தான் இருக்கும், எக்ஸ்ரேயில் விழாது. அதனால் சர்ஜன் அவசரப்படுவதில்லை. ஆபரேஷன் வழக்கமாக ஒரு வயதை ஒட்டி. மயக்கமருந்துக்கு உடம்பு தயாராகியிருக்கும், விரல் தைக்கிற அளவுக்கு வளர்ந்திருக்கும், பிள்ளை நுனிவிரலால் பொருளைப் பொறுக்கும் பழக்கம் ஊன்றிப்போவதற்கு முன் விரல் சரியாகிவிடும். சிலருக்கு மூட்டை நிறுத்த மெல்லிய கம்பி வைத்து, ஐந்தாறு வாரம் முழங்கைக்கு மேல்வரை கட்டுப் போடுவார்கள். ஏன் அவ்வளவு நீளம் என்று கேட்கிறார்கள். கட்டு சின்னதாக இருந்தால் ஒரு வயதுப் பிள்ளை ராத்திரியோடு ராத்திரியாக உருவிப் போட்டுவிடும், அதனால்தான்.

வளர வளர விரல் கோணலாகப் போகிறதா என்று வருடம் ஒருதடவை காட்டுங்கள். சில பிள்ளைகளுக்குப் பின்னால் இன்னொரு சின்ன ஆபரேஷன் தேவைப்படும், அதை முதல் ஆபரேஷன் தப்பாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆறு விரல் ராசி என்கிறார்களே, எடுக்காமல் விட்டால் என்ன?

இந்தி நடிகர் ஹிருத்திக் ரோஷன் வலது கையில் இரண்டு கட்டைவிரலோடுதான் இருக்கிறார். இரண்டும் உறுதியாக நின்று, பிடிமானம் நன்றாக இருந்தால் விட்டுவைப்பதில் உயிருக்கு ஆபத்து ஒன்றும் இல்லை. ஆனால் முடிவு எடுக்கும்போது ராசியைக் கேட்காதீர்கள். பேனா பிடிப்பது, பொத்தான் போடுவது, பள்ளியில் மற்ற பிள்ளைகள் கேட்பது, இதையெல்லாம் யோசியுங்கள்.

ஸ்கேனில் ஏன் தெரியவில்லை? அஞ்சு மாசத்தில் நல்ல ஸ்கேன்தானே எடுத்தோம்.

18 முதல் 20 வாரத்தில் எடுக்கிற அந்த ஸ்கேனில் மூளை, இதயம், முதுகெலும்பு, சிறுநீரகம் எல்லாம் பார்க்க வேண்டும். விரலைப் பொத்திக்கொண்டு கிடக்கிற பிள்ளையின் கட்டைவிரலை எண்ணுவது நல்ல மிஷினிலும் கஷ்டம். ஸ்கேன் எடுத்தவரைத் திட்டிப் பயனில்லை. தெரிந்திருந்தாலும் வயிற்றுக்குள் வைத்துச் செய்வதற்கு ஒன்றும் கிடையாது.

இரண்டு வயதுப் பெண். கட்டைவிரல் நுனி மடங்கி நிற்கிறது, நிமிர மாட்டேன் என்கிறது. விழுந்து எலும்பு விலகியிருக்குமோ?

என்னிடம் அதிகம் வருவது இதுதான். எப்போதும் ஒரு கதையோடுதான் வரும்: ஊஞ்சலிலிருந்து விழுந்தாள், அண்ணன் கையைப் பிடித்து இழுத்தான், அங்கன்வாடியில் யாரோ மிதித்துவிட்டார்கள். எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு சுத்தமாக இருக்கும். பெரும்பாலும் இது ட்ரிக்கர் தம்ப்.

பாவாடைக்கு நாடா கோர்த்திருப்பீர்கள். நாடாவின் நடுவில் ஒரு முடிச்சு விழுந்துவிட்டால் என்ன ஆகும்? குழலின் வாயில் வந்து மாட்டிக்கொள்ளும். பலமாக இழுத்தால் டொக்கென்று உள்ளே போகும், இல்லாவிட்டால் போகவே போகாது. கட்டைவிரலை மடக்குகிற தசைநார்தான் நாடா, அது ஓடுகிற குழலின் வாய் விரலின் அடிமடிப்பில் இருக்கிறது. தசைநாரில் அந்த இடத்தில் தடிப்பு வந்துவிட்டால் விரல் மடங்கும், திரும்ப நிமிராது. உங்கள் விரலைப் பிள்ளையின் கட்டைவிரல் அடிமடிப்பில் வைத்து, மற்றக் கையால் நுனியை லேசாக ஆட்டிப் பாருங்கள், தோலுக்கு அடியில் ஒரு மிளகு உருள்கிற மாதிரித் தட்டுப்படும். 1850இல் நோட்டா என்கிற பிரெஞ்சு மருத்துவர் இதை எழுதியதால் நோட்டா முடிச்சு என்று பெயர். தேர்தலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

வேடிக்கை என்னவென்றால், பழைய புத்தகங்களில் இதைப் பிறவிக் குறை என்றே எழுதியிருப்பார்கள். பிறந்த குழந்தைகளை வரிசையாகப் பரிசோதித்துப் பார்த்த ஆய்வுகளில் பிறக்கும்போது ஒருவருக்கும் இது இல்லை, மாதங்கள் கழித்துத்தான் வருகிறது. அதனால் "பிறந்தப்போவே இருந்திருக்கும், நான்தான் கவனிக்கவில்லை" என்று அழுகிற அம்மாக்களே, நீங்கள் சரியாகத்தான் கவனித்திருக்கிறீர்கள். அப்போது இல்லை.

கிளாஸ்ப்டு தம்போடு குழப்பிக்கொள்ளாமல் இருக்க ஒரு வழி. ட்ரிக்கர் தம்பில் நகத்துக்குக் கீழே உள்ள நுனி மூட்டுதான் மடங்கி நிற்கும். கிளாஸ்ப்டு தம்பில் விரலின் அடி மூட்டே மடங்கி, விரல் முழுவதும் உள்ளங்கைக்குள் கிடக்கும்.

வர்ம ஆசானிடம் கொண்டுபோய் எண்ணெய் போட்டுத் தடவி எடுக்கலாமா?

வர்மம் நம் மண்ணில் பிறந்தது, சுளுக்குக்கும் முதுகு பிடிப்புக்கும் நானே ஆசானிடம் போயிருக்கிறேன். எண்ணெய் தேய்ப்பதால் கெடுதல் இல்லை. ஆனால் இது எலும்பு விலகியதும் இல்லை, நரம்பு பிசகியதும் இல்லை, தடவினால் அந்த முடிச்சு கரையப்போவதில்லை. மாட்டி நிற்கிற விரலை ஒரே இழுப்பில் நிமிர்த்துவதைத்தான் வேண்டாம் என்கிறேன். ஒரு பாட்டா தன் பேத்தியை அப்படிக் கொண்டுபோய், டொக்கென்று நிமிர்ந்ததும் சந்தோஷமாக வீட்டுக்கு வந்தார். சாயங்காலத்துக்குள் திரும்ப மடங்கிவிட்டது, கூடவே வீக்கம், பிள்ளை ஒரு வாரம் கையைத் தொடவிடவில்லை. நிமிர்வது பிரச்சினை இல்லை, நிமிர்ந்தது அப்படியே நிற்க வேண்டும்.

தானாகச் சரியாகுமா, ஆபரேஷன் வேண்டுமா?

இரண்டுக்கும் இடம் இருக்கிறது. கொரியாவில் 2008இல் வெளியான ஆய்வில் ஒன்றுமே செய்யாமல் கவனித்துக்கொண்டிருந்த 71 கட்டைவிரல்களில் 63 சதவீதம் தானாகவே நிமிர்ந்துவிட்டன. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அதற்கு நாலு வருடம் போல ஆகியிருக்கிறது. பிள்ளைக்கு வலி இல்லை, விரல் சில நேரம் நிமிர்கிறது, வயது ஒன்றுதான் என்றால் காத்திருப்பதில் தப்பே இல்லை. மூன்று வயதாகியும் பூட்டிப்போட்ட மாதிரி நிற்கிறது, அடி மூட்டைப் பின்னால் வளைத்துச் சமாளித்துப் பழகுகிறாள் என்றால் பெரும்பாலான சர்ஜன்கள் திறந்துவிடுவோம் என்பார்கள். அடிமடிப்பில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் கீறி, குழலின் வாயை வெட்டிவிடுகிறார்கள், அவ்வளவுதான், கீறலும் ரேகையோடு ரேகையாகப் போய்விடும். சின்ன ஆபரேஷன்தான், ஆனாலும் விரலின் நரம்பு அந்த இடத்தில் தோலுக்குச் சற்றே கீழே ஓடுகிறது, அதனால் கை ஆபரேஷன் செய்து பழகியவரிடம் போங்கள்.

சவேரியார் கோயில் திருவிழா முடியட்டும், சித்திரை பிறக்கட்டும் என்று தள்ளிப்போடுகிறவர்களை நான் தடுப்பதில்லை. இதில் இரண்டு மாதம் ஒன்றும் செய்துவிடாது. இன்னொரு விஷயம், நாலில் ஒரு பிள்ளைக்காவது அடுத்த கையிலும் இது வரும், ஆகவே மற்றக் கட்டைவிரலையும் தொட்டுப் பார்த்துவிட்டே தேதி வாங்குங்கள். ஒரே மயக்கத்தில் இரண்டையும் முடித்துவிடலாம்.

சின்னப் பிள்ளைக்கு மயக்கமருந்து கொடுத்தால் மூளை பாதிக்குமா?

அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016இல் ஓர் எச்சரிக்கை விட்டது, அது வாட்ஸ்அப்பில் இன்னும் சுற்றுகிறது. அதை முழுசாகப் படித்தால், மூன்று வயதுக்குள் திரும்பத் திரும்பவோ மூன்று மணி நேரத்துக்கு மேலோ கொடுக்கிற மயக்கத்தைப் பற்றித்தான் அது பேசுகிறது. ட்ரிக்கர் தம்ப் ஆபரேஷன் அரைமணிக்குள் முடிகிற காரியம். உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது: காலையில் "பாவம் பிள்ளை" என்று ஆச்சி ரகசியமாக ஊட்டிவிடுகிற அரை இட்லி. மயக்கத்தில் அது மேலே வந்து மூச்சுக்குழலுக்குள் போகலாம். தாய்ப்பால் 4 மணி நேரம் முன்பு, பவுடர் பாலும் மாட்டுப் பாலும் திட உணவும் 6 மணி நேரம் முன்பு நிறுத்தச் சொல்வார்கள். கொடுத்துவிட்டீர்கள் என்றால் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள், திட்டு வாங்கினாலும் பரவாயில்லை. சளி, காய்ச்சல் இருந்தாலும் சொல்லுங்கள்.

கட்டைவிரல் ரொம்பச் சின்னது, நூலில் தொங்குகிற மாதிரி இருக்கிறது. டாக்டர் இதயத்துக்கு எக்கோ எழுதிக் கொடுத்திருக்கிறார். விரலுக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்?

அந்த டாக்டர் சரியாகத்தான் செய்திருக்கிறார். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

கரு நாலாவது வாரத்தில் கைக்கான மொட்டு விடுகிறது, எட்டாவது வாரத்துக்குள் விரல்கள் பிரிந்துவிடும். கர்ப்பம் என்று உறுதியாகி வீட்டில் சொல்வதற்குள் விரல் வேலை பாதி முடிந்திருக்கும். அதே வாரங்களில்தான் இதயமும் சிறுநீரகமும் முதுகெலும்பும் உருவாகின்றன. அதனால் கட்டைவிரல் சிறுத்தோ இல்லாமலோ பிறந்தால் மற்ற இடங்களையும் ஒரு சுற்றுப் பார்ப்பது வழக்கம். எக்கோ, வயிற்று ஸ்கேன், முதுகெலும்பு எக்ஸ்ரே, ரத்த அணுக்கள் எண்ணிக்கை. ஆசனவாய் சரியாக இருக்கிறதா, உணவுக்குழாய் அடைப்பு இல்லையா என்பதையும் பார்ப்பார்கள். பிறந்த பிள்ளை வாயில் நுரை நுரையாக எச்சில் வழிந்து, பால் கொடுத்தால் மூச்சுத் திணறினால் விரலை மறந்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இதயத்தோடு சேர்ந்து வருவதில் ஹோல்ட் ஓரம் என்கிற குறைபாடு முக்கியமானது, இதயச் சுவரில் ஓட்டை, கட்டைவிரல் சிறுத்தோ மூன்று எலும்போடு மற்ற விரல் மாதிரி நீளமாகவோ இருக்கும். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ லேசாக இருந்து, யாரும் கவனிக்காமலே இருந்திருக்கலாம், அதனால் டாக்டர் உங்கள் கையையும் நீட்டச் சொன்னால் ஆச்சரியப்பட வேண்டாம். இன்னொன்று ஃபேன்கோனி ரத்தசோகை. பிறக்கும்போது ரத்தம் நன்றாக இருக்கும், பெரும்பாலும் பள்ளிக்கூட வயதில்தான் அணுக்கள் குறைய ஆரம்பிக்கும். குரோமோசோம் உடைகிறதா என்று பார்க்கும் தனி ரத்தப் பரிசோதனையில் அதை முன்பே கண்டுபிடித்துவிடலாம். அம்மா அப்பா இருவரிடமிருந்தும் கோளாறான மரபணு வந்தால்தான் பெரும்பாலும் இது வரும், ஆகவே மாமன் மகள், அத்தை மகன் கல்யாணம் என்றால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். விரல் லேசாகத்தான் சிறுத்திருக்கிறது என்று இந்தப் பரிசோதனையைத் தள்ளிவிட வேண்டாம்.

எல்லாம் பார்த்துவிட்டு "ஒன்றும் இல்லை, விரல் மட்டும்தான்" என்று வருகிற பிள்ளைகளும் நிறைய. அந்தச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

ஆள்காட்டி விரலைக் கட்டைவிரலாக மாற்றப் போகிறார்களாம். ஐந்து விரலோடு பிறந்ததை நான்காக்குவதா?

கேட்கிற அப்பா அம்மாவின் முகத்தைப் பார்த்தால் எனக்கே தொண்டை அடைக்கும். இருந்தாலும் சொல்கிறேன். சிறுத்த கட்டைவிரலை ப்ளவுத் என்பவரின் கணக்கில் ஐந்து படியாகப் பிரிப்பார்கள். முதல் படிக்கு ஒன்றும் செய்ய வேண்டாம். அடுத்த படிகளில் தசை மாற்றி வைத்து, விரலிடை தோலை விரித்து, இருக்கிற விரலையே பலப்படுத்தலாம். அடி மூட்டே இல்லாமல் ஆடுகிற விரல், தோலில் மட்டும் தொங்குகிற விரல், விரலே இல்லாத கை, இவற்றுக்குத்தான் ஆள்காட்டி விரலை எடுத்துச் சுருக்கி, திருப்பி, கட்டைவிரல் இடத்தில் வைக்கிறார்கள். ரத்தக்குழாயையும் நரம்பையும் அறுக்காமல் அப்படியே கூடக் கொண்டுபோகிறார்கள். ஜெர்மனியின் பக்–கிராம்கோ 1970களில் இந்த முறையை ஒழுங்குபடுத்தினார்.

முடிவெடுக்கப் பிள்ளையே வழி காட்டும். முன்னால் ஒரு பிஸ்கட்டை வைத்துவிட்டுப் பேசாமல் உட்காருங்கள். கட்டைவிரலைச் சேர்த்துப் பிடிக்கிறதா, அல்லது அதை ஒதுக்கிவிட்டு ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் பீடி பிடிக்கிற மாதிரி இடுக்கி எடுக்கிறதா? எப்போதும் இடுக்கித்தான் எடுக்கிறது என்றால் அந்தப் பிள்ளையின் மூளை கட்டைவிரலைக் கணக்கிலேயே எடுக்கவில்லை, ஆள்காட்டி விரலைக் கட்டைவிரலாகப் பயன்படுத்த ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது. ஒன்றிரண்டு வயதுக்குள் ஆபரேஷன் ஆகிவிட்டால் பழகுவது வேகமாக இருக்கும்.

தோவாளைப் பூச்சந்தையில் பூக்கட்டுகிறவர்களையோ, குளச்சலில் வலை பொத்துகிறவர்களையோ ஐந்து நிமிடம் பாருங்கள். சுண்டுவிரல் என்ன செய்கிறது என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும், கட்டைவிரல் ஒரு நொடி சும்மா இருக்காது. எதிரே வந்து பிடிக்கிற ஒரு விரல் இருக்கிற நாலு விரல் கை, பிடிக்க முடியாத ஐந்து விரல் கையைவிட எவ்வளவோ மேல். மாற்றி வைத்த விரல் கொஞ்சம் ஒல்லியாக, கொஞ்சம் நீளமாகத் தெரியும், பலமும் மற்ற கையளவு வராது. அதையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

கிரகணத்தின்போது காய் நறுக்கினேன். அதனாலா?

இல்லவே இல்லை. ஐந்தாம் மாதத்துக் கிரகணம் இரண்டாம் மாதத்திலேயே உருவாகி முடிந்த விரலை என்ன செய்யும்? இரட்டைக் கட்டைவிரல் பெரும்பாலும் குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல், காரணம் சொல்ல முடியாமல், ஒரு கையில் மட்டும் வருவது. மருந்தால் வருவதும் உண்டுதான்: 1950களின் கடைசியில் கர்ப்பிணிகளுக்கு வாந்திக்குக் கொடுத்த தாலிடோமைடு கை, கட்டைவிரல் இல்லாத பிள்ளைகளை உலகம் முழுக்கப் பிறக்கவைத்தது, 1961இல்தான் அதைத் திரும்பப் பெற்றார்கள். வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள் கர்ப்பத்துக்கு முன்பே டாக்டரிடம் பேசுங்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மற்றபடி வீட்டில் யாராவது மருமகளைக் கிரகணத்தைச் சொல்லிக் குத்தினால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

அடுத்த பிள்ளைக்கும் வருமா?

ட்ரிக்கர் தம்ப், ஒரு கை இரட்டை விரல் என்றால் வாய்ப்பு குறைவு. மூன்று எலும்புக் கட்டைவிரல், ஹோல்ட் ஓரம் மாதிரி பரம்பரையில் இறங்குவது என்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி. ஃபேன்கோனி என்றால் பெரும்பாலும் நாலில் ஒன்று. மரபணு ஆலோசகரைப் பார்த்துவிட்டு அடுத்ததை யோசியுங்கள்.

என் பிள்ளையின் கட்டைவிரல் குட்டையாக, நகம் அகலமாக இருக்கிறது. மாமனாருக்கும் அப்படித்தான்.

நுனி எலும்பு குட்டை, பரம்பரை. வேலைக்குத் தடை இல்லை, சிகிச்சையும் இல்லை. கட்டைவிரல் அகலமாக இருப்பதோடு பக்கவாட்டில் வளைந்து, வளர்ச்சியும் மெதுவாக இருந்தால் மட்டும் குழந்தை டாக்டரிடம் கேளுங்கள்.

எங்கே காட்டுவது?

முதலில் குழந்தை டாக்டர். அரசு பக்கம் என்றால் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி, எலும்புப் பிரிவு அல்லது பிளாஸ்டிக் சர்ஜரி என்று அவர்களே அனுப்புவார்கள். அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் சிறார் நலப் பரிசோதனைக்கு வருகிற மருத்துவக் குழுவுக்கு, 2013இல் தொடங்கிய தேசியத் திட்டம் அது, பிறவிக் குறைகளைப் பார்த்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதும் ஒரு வேலை. அவர்கள் வருகிற அன்றைக்குப் பிள்ளையை லீவு போட வைக்காதீர்கள். விரல் மாற்றுகிற மாதிரிப் பெரிய ஆபரேஷன் என்றால் கைக்கென்றே தனித் துறை வைத்திருக்கிற இடம் நல்லது, சென்னையில் ஸ்டான்லி ஆஸ்பத்திரி அதற்குப் பெயர் போனது. மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கத்துக்காரர்கள் திருவனந்தபுரம் போவது வழக்கம், பக்கம்தான், ஆனால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை அங்கே நீங்கள் போகிற ஆஸ்பத்திரியில் செல்லுமா என்று போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். போகும்போது பிள்ளை பொருளை எடுக்கிற ஒரு நிமிட வீடியோ கொண்டுபோங்கள். டாக்டர் முன்னால் ஒரு பிள்ளையும் கையைத் திறக்காது.

உடனே ஓட வேண்டியது எது?

விரல் திடீரென்று சிவந்து வீங்கி, பிள்ளை ஓயாமல் அழுதால் அடியில் தலைமுடியோ நூலோ சுற்றியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். பிள்ளை பெற்றவளுக்கு முடி கொட்டுகிற காலம், கையுறைக்குள் சிக்குகிற ஒரு முடி போதும். இது பிறவிக் குறை இல்லை, ஆனால் சில மணி நேரத்தில் விரலே போய்விடும்.

ஆதாருக்கு ரேகை எப்படி எடுப்பார்கள்?

5 வயது வரை ஆதாருக்கு ரேகையே எடுப்பதில்லை, 5 வயதிலும் 15 வயதிலும்தான் எடுக்கிறார்கள். அதற்குள் ஆபரேஷன் முடிந்திருக்கும், ஆகவே முதல் ரேகையே புது விரலில்தான் விழும். விரல் இல்லாவிட்டால் அதைக் குறித்துக்கொண்டு மற்ற விரலையும் கண்ணையும் எடுப்பார்கள், அதற்கு மிஷினில் வழி இருக்கிறது. கட்டைவிரல் இல்லாமல் ஆதார் கிடையாது என்று எந்த மையத்தில் சொன்னாலும் நம்பாதீர்கள். ரேஷன் கடை மிஷினில் விழவில்லை என்றால் மனசைப் போட்டு அலட்டிக்கொள்ள வேண்டாம், ஐந்து விரலும் ஒழுங்காக இருக்கிற எனக்கே மூன்றாவது தடவைதான் விழுகிறது.